அரைத் தலைக்கட்டு

1

எங்கள் வீட்டுச் சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய போன் எந்நேரமும் சார்ஜில் கிடக்கும். உள்ளே இருப்பது புத்தூர் பஜாரில் வாங்கிய சிம். அதில் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. ஓடிபி மட்டும் வரும். பேங்க், ஆதார், நிலத்துப் பாஸ் புத்தகம் எல்லாம் அந்த நம்பரோடு முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. மெல்போர்னில் வீடு வாங்கி, மரம் வைத்து, அந்த மரம் வேலியைத் தாண்டி வளர்ந்த பிறகும் அந்த நம்பரை என்னால் விட முடியவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரோடு தொடர்பில் இருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். எங்களில் பலருக்குத் தொடர்பு என்பது பாதி இதுதான்.

போன ஜூலையில், குளிருக்குப் பயந்து சீக்கிரமே கதவைச் சாத்திவிட்ட ஒரு மாலையில், தம்பி முரளி வாட்ஸப்பில் வந்தான். ஆந்திராப் பக்கம், புத்தூருக்கும் கார்வேட்டிநகரத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே மாந்தோப்பைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான்.

“அக்கா, துன்னியா?”

“இன்னும் இல்லடா. நீ?”

“நான் இன்னாத்த துன்றது? ஃபேக்டரி கேட்டாண்ட டிராக்டர்ல குந்திக்கினு கீறேன். நேத்து வந்தவன். லைனு அப்படியே ரோட்டோட போய்க்கினே கீது.”

கேமராவைத் திருப்பிக் காட்டினான். டிராக்டருக்குப் பின் டிராக்டர். எல்லாவற்றிலும் தோத்தாபுரி மாங்காய். நம் பக்கத்து மாம்பழ விஷயம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோத்தாபுரியை வீட்டில் வைத்துச் சாப்பிடுவோர் குறைவு. கூழ் ஃபேக்டரிதான் அதற்குப் போக்கிடம். விளைச்சல் கொட்டிய வருடத்தில் ஃபேக்டரிக்காரன் ராஜா. ஊருக்கு இத்தனை டோக்கன் என்று வைத்துவிட்டான். டோக்கன் இல்லாத வண்டிக்குக் கேட்டைத் திறப்பதில்லை. பறித்த காய் வெயிலில் கிடந்தால் பழுத்து வெடித்துச் சாறு வழியும். அப்புறம் ரோட்டோரம் கொட்டிவிட்டு வர வேண்டியதுதான்.

“நாளைக்கி பத்து மணிக்கு உன் போனுக்கு ஓடிபி ஒன்னு வரும். வந்த உடனே சொல்லிடு. உன் பாஸ் புஸ்தகத்து மேல இன்னொரு டோக்கன் எடுத்துக்கறேன். அந்தே, அவ்ளோதான்.”

எங்கள் நைனா போவதற்கு முன்பே தோப்பை இரண்டு பேருக்கும் சரிபாதியாக எழுதிவைத்துவிட்டார். என் பாதியையும் முரளியே பார்க்கிறான். நானும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. மாமரம் பூத்தால் ஒரு படம் வரும். அதற்கு நான் ஒரு கட்டைவிரல் போடுவேன். அக்கா தம்பிக்குள் அதற்குமேல் என்ன இருக்கிறது என்று, சரி என்று சொல்லிவிட்டேன். பழைய போனைக் கைப்பையில் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

2

என் வேலை என்ன என்று ஊரில் கேட்பவர்களுக்கு இதுவரை நான் சரியாகச் சொன்னதில்லை. ‘அக்கவுண்ட்ஸ்’ என்று சொல்லி முடித்துவிடுவேன். உண்மையில் நான் ஒரு ஃபுட்பால் கிளப்பில் உச்சவரம்புக் கணக்குப் பார்க்கிறேன்.

இங்கே ஃபுட்பால் என்றால் நீங்கள் டிவியில் பார்க்கும் ஃபுட்பால் இல்லை. முட்டை மாதிரிப் பந்து, வட்டமும் இல்லாத சதுரமும் இல்லாத பெரிய மைதானம், அணிக்குப் பதினெட்டுப் பேர், கையால் குத்தலாம், காலால் உதைக்கலாம், ஒருத்தன் முதுகில் ஏறிப் பந்தைப் பிடித்தால் கூட்டம் கைதட்டும். நான் இத்தனை வருடமாகப் பார்க்கிறேன். முதுகில் ஏறுவது எப்போது குற்றம், எப்போது இல்லை என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பணக்கணக்கு மட்டும் பிடிபட்டுவிட்டது.

பணக்கார கிளப் எல்லா நல்ல ஆட்டக்காரர்களையும் வாங்கிக்கொண்டால் மற்ற கிளப் எல்லாம் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அதனால் லீக் ஒரு வரம்பு போட்டிருக்கிறது. எல்லா கிளப்பும் தங்கள் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் சேர்த்து இந்த அளவுக்குத்தான் சம்பளம் கொடுக்கலாம். மேலே போகக்கூடாது. அதோடு, போன வருடம் கடைசியில் வந்த அணிக்குத்தான் புதுப் பையன்களில் முதல் ஆளைப் பொறுக்கும் உரிமை. தோற்றவனுக்கு முதல் இலை. இதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது என்றால் சிரிப்பீர்கள். நிஜமாகவே வந்தது. முண்டியடிக்கிறவனுக்குத்தான் பஸ்ஸில் சீட்டு என்று வளர்ந்தவள் நான்.

நம் ஊரில் நில உச்சவரம்பு வந்த கதை உங்களுக்குத் தெரியும். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் என்று சட்டம் போட்டதும், மாடு மேய்ப்பவர் பேரிலும் கொழுந்தியாள் பேரிலும் நிலம் போனது. இங்கேயும் அதே கதைதான், கொஞ்சம் இஸ்திரி போட்ட கதை. ஆட்டக்காரனுக்குச் சம்பளத்தைக் கூட்ட முடியாவிட்டால், கிளப்புக்கு விளம்பரம் கொடுக்கும் கம்பெனியில் அவன் அண்ணனுக்கு ஒரு வேலை, அப்பாவுக்கு ஒரு ஆலோசகர் பதவி, மனைவிக்கு ஒரு கார். அதனால் அப்படிப்பட்ட ஒவ்வொரு காசையும் லீகுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மாட்டிக்கொண்டால் கிளப்புக்கு அபராதம், புதுப் பையன்களைப் பொறுக்கும் உரிமை பறிபோகும், அவமானம். அதைத் தேடிப் பிடித்துச் சொல்வதுதான் என் வேலை. சம்பளம் கொடுக்கிற கிளப்பிடமிருந்தே கிளப்பைக் காப்பாற்றுவது. கிளப்பில் என்னை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது.

வந்த புதிதில் ஒரு மீட்டிங்கில், புதுப் பையன் ஒருவனைப் பற்றி, போன நவம்பரில் ‘பாஸ் அவுட்’ ஆனான் என்றேன். பள்ளி முடித்தான் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். கிளப் டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு, எவ்வளவு நேரம் நினைவில்லாமல் கிடந்தான் என்று கேட்டார். இன்றைக்கும் அந்தப் பையன் என்னைப் பார்த்தால் மயங்கி விழுவதுபோல் நடித்துக் காட்டுவான். அவன் ஒருத்தன்தான் கிளப்பில் என்னோடு விளையாடுகிறவன்.

3

மறுநாள் மீட்டிங் நேதனைப் பற்றியது. நேதன் எங்கள் அணியின் பழைய தடுப்பாட்டக்காரன். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. தோள்பட்டை அடிக்கடி கழன்றுகொள்கிறது. (முரளியிடம் ஒருமுறை இதைச் சொன்னதற்கு, “புத்தூருக்கு இட்டுக்கினு வாக்கா, ஒரு கட்டு போட்டா எருதாட்டம் ஓடுவான்” என்றான்.) கிளப் ஒரு இளம் கோல்காரனுக்குப் பெரிய தொகை ஒப்புக்கொண்டுவிட்டது. அதனால் வரம்புக்குள் மிஞ்சிய இடம் கொஞ்சம்தான். நேதன் குறைந்த சம்பளத்துக்கு ஒரு வருடம் ஆடச் சம்மதித்திருந்தான். அது வரம்புக்குள் நூல் பிடித்த மாதிரி உட்கார்ந்தது. எல்லோருக்கும் நிம்மதி.

அப்போதுதான் நேதனின் மனைவி சாராவின் வேலை என் கண்ணில் பட்டது. சமையலறை அலமாரி செய்கிற ஒரு கம்பெனியில் டிசைனராகச் சேர்ந்திருந்தாள். அந்தக் கம்பெனி எங்கள் கிளப்புக்கு விளம்பரம் கொடுக்கிறது. சம்பளமும் அந்தத் தொழிலில் வழக்கமாகக் கொடுப்பதைவிட அதிகம்.

கிளப்பின் ஃபுட்பால் மேனேஜர் கிரெக் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். கெட்டவர் இல்லை, களைத்தவர்.

“அவள் நிஜமாகவே வேலை பார்க்கிறாள். தினமும் போகிறாள். இதைப் போய் எழுதணுமா?” என்றார்.

“எழுதணும்.”

“எழுதினால் நேதன் போய்விடுவான்.”

“எழுதாமல் மாட்டினால் எல்லோரும் போய்விடுவோம்.”

விளக்கம் கேட்பதற்காக சாராவை வரச் சொல்லியிருந்தோம். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். தான் வரைந்த சமையலறைப் படங்களை மேசைமேல் பரப்பினாள். நல்ல படங்கள், எனக்கே அப்படி ஒரு சமையலறை வேண்டும்போல் இருந்தது. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். கடைசியில் நான் நிரப்பிக்கொண்டிருந்த காகிதத்தை விரலால் தன் பக்கம் திருப்பினாள். அவள் பேசியது ஆங்கிலத்தில். நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

“வேலை என்னுடையது. படிச்சது நான், இன்டர்வியூவுக்குப் போனது நான். இந்தப் பேப்பர்ல மேல ஏன் நேதன் பேர் இருக்கு?”

“ரூல் அப்படி. ஆட்டக்காரரோட குடும்ப வருமானம்…”

“நான் யாரோட வருமானமும் இல்ல.”

அந்த நேரம் பார்த்துக் கைப்பைக்குள் பழைய போன் குரல் கொடுத்தது. ஓடிபி. கையில் எடுத்தேன், எண்களைப் பார்த்தேன். எதிரே சாரா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் விதி பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போய் முரளிக்கு நம்பர் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. போனைத் திரும்பப் பைக்குள் போட்டேன். பத்து நிமிடத்தில் அது செல்லாக் காசாகிவிட்டது.

4

மாலையில் முரளியின் குரல் கடுகாகப் பொரிந்தது.

“இன்னாக்கா இது? ஊர் சச்சிவாலய ஆபீஸ்ல அந்தப் பொண்ணு எனக்காக சிஸ்டத்த தொறந்து வெச்சிக்கினு இருந்துச்சு. நீ எடுக்கவே இல்ல.”

“மீட்டிங்ல இருந்தேன்டா. சரி, எனக்கு ஒன்னு சொல்லு. ஊர்ல டோக்கன எப்படிப் பங்கு போடறாங்க?”

வெயிலைப் பற்றி ஏதோ சொன்னான். அவன் பேச்சை மாற்றினாலே எனக்குப் புரிந்துவிடும்; விடாமல் கேட்டதும் சொன்னான்.

ஃபேக்டரி கொடுத்த டோக்கனை அடித்துப் பிடிக்காமல் இருக்க, ஊர் கூடி ஒரு முடிவு எடுத்திருக்கிறது: தலைக்கட்டுக்கு ஒரு டோக்கன். மரம் எத்தனை இருந்தாலும் சரி. எல்லோருக்கும் ஒரு சுற்று முடிந்தபிறகுதான் அடுத்த சுற்று. கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது. இங்கே வக்கீல் வைத்து, கமிட்டி வைத்துச் செய்கிற காரியத்தை எங்கள் ஊர் வேப்பமரத்தடியில் ஒரே மாலையில் செய்திருக்கிறது.

“அப்போ உனக்கு ஒன்னுதானே வரும்?”

“அதனாலதான்க்கா உன் பேர்ல கேக்கறேன். ஊர்ல கேட்டா குடுக்கமாட்டாங்க. ஆன்லைன்ல நேரா போட்டுட்டா ஃபேக்டரியே குடுத்துடும்.”

“ஊர் கணக்குலேர்ந்துதானே அது போகும்? அப்ப யாருக்குக் குறையும்?”

“யாருக்கோ. கடைசில கீறவங்களுக்கு.”

“யாருடா கடைசி?”

“தனம்மா அத்தை.”

தனம்மா அத்தைக்குத் தோப்பு என்று சொல்ல முடியாது. கிணற்றடியில் கொஞ்சம் மரங்கள். மாமா தவறிய பிறகு தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். தலைக்கட்டு என்பது கோயில் திருவிழாவுக்கு வரி போடுகிற கணக்கு என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு, முழு வரி. புருஷன் இல்லாத பெண்ணுக்கு இரக்கப்பட்டு அரை வரி. அந்த இரக்கம் இப்போது அவள் தலையில் இடியாக விழுந்திருக்கிறது: அரை வரி கொடுப்பவளுக்கு அரை டோக்கன். அரை டோக்கனுக்குக் கேட் திறக்காது. இன்னொரு அரை கிடைத்தால் இரண்டையும் சேர்த்து ஒரு வண்டி. ஊரில் காய் பறித்துவைத்திருக்கிற இன்னொரு அரை இல்லை. அதனால் அத்தை காத்திருக்கிறாள், காய் பழுக்கிறது.

“நான் எந்தக் கணக்குலடா வருவேன்?” என்று கேட்டேன்.

“நீயா? நீ கட்டிக்குடுத்த பொண்ணு. நீ கணக்குலயே இல்லியே அக்கா.”

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்குது என்று சொல்வதுபோல் சொன்னான். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. பாஸ் புத்தகத்தில் என் பேர் இருக்கிறது, போட்டோ இருக்கிறது. ஊர்க்கணக்கில் நான் இல்லை. இல்லாத என்னை ஒரே ஒரு வண்டி மாங்காய்க்காக, ஊருக்குத் தெரியாமல், இருக்கச் சொல்கிறான்.

இதையெல்லாம் மேசைக்கு மறுபுறம் என் மகள் இனியா கேட்டுக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டு வருடமாக நான் அந்தச் சண்டையை விட்டுவிட்டேன். கட்டி இழுக்கிற தெம்பு எனக்கில்லை. சனிக்கிழமைகளில் பெண்கள் அணியில் ஆடுகிறாள். பெண்கள் லீகுக்கும் சம்பள வரம்பு உண்டு, தெரியுமோ? ஆண்களுடையதைவிட அது மிகவும் தாழ்வு; குனிந்துதான் உள்ளே போக வேண்டும். நியாயம் என்று நான் வீட்டில் பேச ஆரம்பித்தால் அவள் அதைத்தான் எடுத்துப் போடுவாள்.

“அந்த நிலம் யாருது, அம்மா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“பாதி என்னுது.”

“அப்ப ஏன் மாமா உன்கிட்ட நம்பர் மட்டும் கேக்கறார்? நீ என்ன நினைக்கறேன்னு ஏன் கேக்கல?”

சாம்பார் கொதித்து வழிந்ததால் அதற்குப் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

5

அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியாக ஓடவில்லை. இந்த ஊரில் நான் எந்தக் கணக்கில் இருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டே ரயிலில் போய் வந்தேன். இங்கே தமிழ்ச் சங்கப் பொங்கலுக்குப் போனால், என் பேச்சைக் கேட்டுவிட்டு, “நீங்க தெலுங்கா?” என்பார்கள். பாஸ்போர்ட்டில் சித்தூர் மாவட்டம் என்று இருப்பதால் தெலுங்கு சங்கம் உகாதிக்கு அழைக்கும், அங்கே நான் வாயைத் திறந்தால், “தமிழ் வாளா?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். என் கணவர் செல்வம் கும்பகோணத்துக்காரர். நான் ‘துன்னுங்க’ என்று சொன்னால் இன்றும் அவருக்குச் சோறு இறங்காது. கிளப்பில் நான் கணக்குக்காரி, ஃபுட்பால் ஆள் இல்லை. எங்கே போனாலும் பாதி உள்ளே, பாதி வெளியே. இதெல்லாம் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். அலுத்துப்போயிருக்கிறது என்பதுதான் சரி.

சாராவின் காகிதத்தை லீகுக்கு அனுப்பினேன். அனுப்பும் முன் அவளுடைய படங்களையும் வேலை அனுபவத்தையும் ஒன்றுவிடாமல் இணைத்தேன். வேறு எதுவும் என் கையில் இல்லை.

அப்புறம் முரளிக்கு போன் செய்தேன்.

“ஓடிபி சொல்றேன். ஆனா ஊருக்குத் தெரியாம இல்ல. ஊர்ப் பெரியதனக்காரர்கிட்ட போ. எங்க அக்கா கஸ்தூரி பேர்ல நிலம் இருக்குது, அவளையும் ஒரு தலைக்கட்டா எழுதிக்கோங்க, கோயில் வரி இந்த வருஷத்துலேர்ந்து கட்டறாளாம்னு சொல்லு.”

“அக்கா, பைத்தியம் புடிச்சிக்கிதா உனக்கு? சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்.”

“இன்னைக்கி உன்ன எழுதினா நாளைக்கி ஊர்ல கட்டிக்குடுத்த பொண்ணுங்க எல்லாம் வந்து நிப்பாங்க. அப்பறம் டோக்கன் எங்க பத்தும்?”

லீக் ஆட்கள் பேசுவதுபோலவே இருந்தது. எல்லா வரம்புக்கும் காவலாளிகள் இதையேதான் சொல்வார்கள் போலிருக்கிறது. நானும் இத்தனை வருடம் சொன்னவள்தானே. “நிலம் இருக்கிறவங்க நிக்கட்டும்டா” என்றேன்.

“நம்ப காய் கீழ கொட்டிப்பூடும், பாத்துக்க” என்று சொல்லி வைத்துவிட்டான். நியாயம் பேசுவது எளிது. காய் அழுகுவது அவன் வீட்டில். நான் இங்கே ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பேசுகிறேன். அவன் ரோட்டில் டிராக்டரின் மேல் துண்டை விரித்துப் படுத்திருக்கிறான். அது எனக்குத் தெரியாமலில்லை.

6

லீகின் பதில் வந்தது. மிகவும் யோசித்து எழுதியிருந்தார்கள். சாரா செய்வது உண்மையான வேலைதான். ஆனால் அவள் சம்பளத்தில் பாதிதான் அந்த வேலைக்குரிய நியாயமான மதிப்பு. மீதிப் பாதி நேதனுக்காகக் கொடுப்பதாகக் கருதப்படும். அது கிளப்பின் வரம்புக் கணக்கில் சேரும்.

சேர்த்தால் வரம்பைத் தாண்டுகிறது. நேதனை விட வேண்டும், இல்லாவிட்டால் சாரா பாதிச் சம்பளத்துக்கு வேலை செய்ய வேண்டும். கம்பெனிக்காரர் அதற்குத் தயார் என்றார். கிரெக் சாராவிடம் பேசினார்.

அவள் வேலையை விட்டுவிட்டாள்.

நேதன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வந்த அன்று, அவளும் வாசல் வரை வந்தாள். போட்டோ எடுத்தார்கள். அணிக்காகத் தன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்ட பெரிய மனதுக்காரன் என்று கிளப்பின் பக்கத்தில் நேதனைப் பற்றிப் போட்டார்கள். நூற்றுக்கணக்கில் இதயங்கள் விழுந்தன. சாரா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றாள்.

“இப்போ உன் கணக்கு சரியா வருதா?” என்றாள்.

“வருது” என்றேன். பொய் சொல்ல முடியவில்லை; கணக்கு டாலர் பிசகாமல் சரியாக வந்திருந்தது. “பாதிச் சம்பளத்துக்காவது இருந்திருக்கலாமே, சாரா.”

“பாதி எனக்கு வேண்டாம்” என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். போய்விட்டாள். விதி சரி. அதை எழுதியவர்கள் திருடர்கள் இல்லை. அந்த விதி இல்லாவிட்டால் பணக்கார கிளப் எல்லோரையும் விழுங்கிவிடும், எனக்கு அது தெரியும். ஆனால் தலையை எண்ணும்போது யாரைத் தலையென்று எண்ணுவது என்பதை ரொம்ப முன்னாலேயே யாரோ முடிவு செய்துவிட்டுப் போய்விட்டார்கள். அதன்பிறகு நாங்கள் எல்லாம் ஒழுங்காகக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை, முரளி வந்துவிட்டான். பின்னால் டிராக்டர் சத்தம்.

“அக்கா! ஒத்துக்கினாங்க! பெரியதனம் மூனு நாளா இழுத்து இழுத்து, இன்னைக்கி ஊரக் கூட்டி கேட்டாரு. உனக்கு அரை!”

“அரையா?”

“பொம்பளைங்க பேர்ல எழுதினா அரைதான்க்கா. வழக்கம் அப்படி, இன்னா பண்றது? ஆனா இதப் பாரு. தனம்மா அத்தைது ஒரு அரை, உன்னுது ஒரு அரை. ரெண்டும் சேந்தா ஒரு வண்டி. அவங்க காய் பாதி, நம்ப காய் பாதி. சச்சிவாலயம் மூடறதுக்குள்ள சிஸ்டத்துல ஏத்தணும். ஓடிபி அனுப்ப சொல்லிட்டேன், வந்துச்சா பாரு.”

“வரியும் அரைதானா?”

“முழுசா குடுத்தா வேணான்னு சொல்லமாட்டாங்க” என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் போன் மினுங்கியது. இனியா எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, போகாமல் பக்கத்திலேயே நின்றாள். ஆறு எண்கள்.

“சொல்லுக்கா.”

“ஃபோர்… ஒன்… செவன்.”

நிறுத்திவிட்டேன். வேண்டுமென்றுதான். சாரா சொன்னது காதிலேயே இருந்தது. பாதி எனக்கு வேண்டாம் என்று நானும் சொல்லிவிடலாம். சொல்லத் தகுதி உண்டு எனக்கு. சொன்னால் ஊர் கொஞ்சம் யோசிக்கும். அடுத்த வருடம் முழுசாக வந்தாலும் வரும்.

“அக்கா? லைன் கட் ஆயிடுச்சா? இன்னும் மூனு நம்பர்.”

“அரைதானே ஒத்துக்கினாங்க? அரை சொல்லிட்டேன்.”

“ஐயோ, இப்பவா வெளாட்ற? டைம் போய்க்கினு கீது!”

அந்தப் பக்கம் ஏதோ பேச்சு நடந்தது. முரளி யாருக்கோ விளக்கிச் சொல்வது கேட்டது. பிறகு போன் கை மாறியது. வெகுநாளாகக் கேட்காத குரல், தனம்மா அத்தை. டிராக்டர் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினாள்.

“கஸ்தூரியா? நல்லா கீறியாம்மா? நீ பாதிலயே நிறுத்திட்டன்னு தம்பி சொல்றான்.”

“ஆமா அத்தை. பாதிதானே குடுத்தாங்க, எனக்கு மனசே ஆறல.”

“எனக்கும் ஆறலதான். எத்தினி வருசமா ஆறல தெரியுமா?” டிராக்டரை நிறுத்தச் சொல்லி யாரிடமோ கத்தினாள். “மிச்ச அரை என்னுது கண்ணு. அதச் சொல்லு.”

சொன்னேன்.